கல்லுடைத்தவர் மகன் ஏறிய குன்று

என் தந்தையார் சுண்ணாம்புக்கல் உடைத்து எங்களை வளர்த்தவர். 11-ஆம் வயதில் ஊர்க்கோடிக் காளவாய்க்குக் கல் சுமக்கப் போனவர், பிறகு அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் சம்மட்டி பிடித்தார். மாலையில் வீடு திரும்பும்போது தலைமயிரும் புருவமும் வேட்டியும் ஒரே வெண்மையாய் இருக்கும். அம்மா வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார். ஐம்பது வயதைத் தாண்டுமுன்பே அவர் மார்பில் இருமல் குடிபுகுந்தது. அறுபதைக் காணாமலே கண்மூடினார். ஆகையால் சுண்ணாம்புக்கல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வீடோ கோபுரமோ நினைவுக்கு வருவதில்லை. அந்த இருமல்தான் காதில் ஒலிக்கும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. எனக்கு ஆறேழு வயதிருக்கும். ஒரு நாள் அப்பா மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். நத்தைக்கூடு போலச் சுருண்டு, மேலெல்லாம் வரிவரியாய் இருந்தது. "கல்லுக்குள்ளே கிடந்தது, வைத்து விளையாடு" என்றார். அவர் எனக்குத் தந்த விளையாட்டுப் பொருள் அது ஒன்றுதான். அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்பதையும், அந்தச் சுருள் அம்மோனைட் என்னும் கடலுயிரின் கல்லுருவம் என்பதையும், நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற பின்னரே அறிந்தேன்.

நான் ஆசிரியனாகி, 35 ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றேன். அப்பாவின் உழைப்பை எண்ணியெண்ணியே வளர்ந்ததாலோ என்னவோ, வீணே நேரம் போக்குதல் எனக்கு அறவே பிடிக்காது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் மலையேறப் போகிறோம் என்றால், "மலையில் என்ன இருக்கிறது? புத்தகத்தை எடு" என்பேன். என் ஒரே மகளும் இந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்தாள். படித்தாள், செவிலியானாள், மணமாகிக் கணவரோடு பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுக்குச் சென்றாள். அந்நாட்டின் வட கரையிலுள்ள லாண்டட்னோ என்னும் கடற்கரை ஊரில் குடியிருந்துகொண்டு மருத்துவமனையில் பணி செய்கிறாள்.

2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவிய நாட்களில் நாங்கள் இங்கே கலங்கிக் கிடந்தோம். ஒரு நாள் தொலைபேசியில், இரவுப்பணி முடிந்து வந்தவள், "சற்று மலைப்பக்கம் நடந்துவிட்டு வரப்போகிறேன், அப்பா" என்றாள். எனக்குச் சினம் பொங்கியது. "நோயாளிகள் நடுவே நிற்கிறாய், வீட்டில் குழந்தை இருக்கிறது, உனக்கு இப்போது ஊர்சுற்றல் ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. "சரி அப்பா, வைக்கிறேன்" என்றாள். அதன்பின் மூன்று ஆண்டுகள், வாரந்தவறாமல் பேசினாள், நலம் கேட்டாள், பணம் அனுப்பினாள். ஆனால் மலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசியதில்லை. தன்னைப் பற்றியும்தான். பெற்றவனுக்கு அது தெரியாமற் போகுமா? ஆயினும் தகப்பன் என்ற வீம்பு என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நானும் என் துணைவியாரும் மகளைக் காணச் சென்றோம். வீட்டுச் சன்னலைத் திறந்ததும் கண்ணெதிரே அந்தக் குன்று நின்றது. சன்னலின் அடிப்பலகையில் ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. அப்பா எனக்குத் தந்த அதே சுருள்கல்! ஊர் வீட்டில் காணாமற் போயிற்றென்று நான் எண்ணியிருந்தேன். "திருமணமாகி வரும்போது எடுத்து வந்தேன், அப்பா. கேட்டால் திட்டுவீர்களென்று சொல்லவில்லை" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஞாயிறு. அவ்வூர்க் கத்தோலிக்க ஆலயம் கடலின் விண்மீனாம் மரியன்னையின் பெயரால் அமைந்தது. திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், "தாத்தா, இன்று மலைக்கு!" என்று எட்டு வயதுப் பேரன் என் கையைப் பற்றினான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மறுக்கவில்லை.

அக்குன்றை ஆங்கிலத்தில் கிரேட் ஓர்ம் என்கிறார்கள். வேல்ஸ் மொழியில் ஆ கோகார்த். ஓர்ம் என்பது வடநாட்டுக் கடலோடிகளின் சொல். பெரும்பாம்பு என்று பொருளாம். கடலிலிருந்து நோக்கினால், தலையை நீட்டிப் படுத்திருக்கும் நாகத்தைப் போலவே அது தோன்றுகிறது. உயரம் 207 மீட்டர்தான். நம் நாட்டு மலைகளோடு ஒப்பிட்டால் அது சிறு மேடு. ஆனால் மூன்று புறமும் கடல். கடலிலிருந்து நேரே எழும் வெண்சாம்பல் நிறப் பாறைச் சுவர்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குன்று முழுவதுமே சுண்ணாம்புக்கல். முப்பது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் பவளங்களும் படிந்து இறுகியதே அந்தப் பாறை. அரியலூர்க் கல்லைவிட மிக மூத்தது. ஆனால் பிறந்த விதம் ஒன்றே.

முழங்கால் வலியுள்ள என் துணைவியாருக்காக டிராமில் ஏறினோம். 1902-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கி, அடுத்த ஆண்டே உச்சிவரை நீட்டப்பட்ட டிராம் அது. பெட்டிக்கு இயந்திரம் கிடையாது. நடுவழி நிலையத்திலுள்ள உருளைகள் கம்பிவடத்தை இழுக்க, ஒரு பெட்டி ஏறும்போது மற்றொன்று இறங்குகிறது. நம் ஊர்க் கிணற்றில் இருபுறமும் வாளி கட்டி இறைப்பதை எண்ணிக்கொண்டால் போதும். நான்கடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான தெருவில் வீடுகளின் வாசலை உரசிக்கொண்டு அது ஊர்ந்து ஏறுகிறது. 1932-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெட்டியின் இணைப்புக் கம்பி முறிந்து, வண்டி கட்டுக்கடங்காது பாய்ந்து சுவரில் மோதிற்று. ஓட்டுநரும் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் மாண்டனர். புதிய தடைக்கருவிகள் பொருத்தி 1934-இல்தான் மீண்டும் ஓட விட்டார்கள். இன்ப உலாவுக்கென அமைத்த வண்டிக்கும் இப்படி ஒரு துயரம் உண்டு.

நடுவழி நிலையத்தில் இறங்கினோம். அங்கேதான் நான் எதிர்பாராத காட்சி காத்திருந்தது.

1987-ஆம் ஆண்டு, அந்தச் சரிவில் வண்டிகள் நிறுத்த இடம் அமைக்கலாமென்று நிலத்தை ஆய்ந்தபோது, பழைய கழிவுக் கற்குவியலின் அடியில் சுரங்க வாய்கள் தென்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தாமிரம் தோண்டியது யாவரும் அறிந்ததே. ஆனால் இவை அதற்கும் மிக மிக முற்பட்டவை. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்து மக்கள் தோண்டியவை! இதுவரை 8 கிலோமீட்டருக்குக் குறையாத சுரங்கப் பாதைகள் கண்டறியப்பட்டுள்ளன. 70 மீட்டர் ஆழம் வரை செல்கின்றன. 1991 முதல் பொதுமக்கள் உள்ளே செல்லலாம்.

தலைக்கவசம் அணிந்து இறங்கினோம். உள்ளே குளிர்; நீர் சொட்டும் ஓசை. சுவர்களில் பச்சைக் கறை. அந்தப் பச்சைதான் மலக்கைட் என்னும் தாமிரத் தாது. இதை உருக்கித் தாமிரம் எடுத்து, வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். அதைத் தோண்டியவர்களிடம் இரும்பு இல்லை. கடற்கரையில் பொறுக்கிய உருண்டைக் கற்களே அவர்களுடைய சம்மட்டி. மாட்டெலும்பும் ஆட்டெலும்புமே கடப்பாரை. நெருப்பு மூட்டிப் பாறையை வெடிக்கச் செய்வதும் உண்டாம். அவ்வாறு பயன்பட்ட எலும்புகள் 30,000-க்கு மேல் கிடைத்துள்ளன. தாமிரம் ஊறி அவையும் பச்சையாகிவிட்டன. அங்கிருந்து போன தாமிரம் பிரான்சின் பிரிட்டனி முதல் பால்டிக் கடற்கரை வரை சென்றிருக்கிறது என்பதை, 2019-இல் வெளியான ஆய்வு உலோகத்தின் தன்மைகளை ஒப்பிட்டுக் காட்டியது.

ஓரிடத்தில் சுவரோரம் ஒரு துளை இருந்தது. நாய்க்குட்டி நுழையும் அளவுதான். அதுவும் ஒரு சுரங்கப் பாதையாம். இத்தகைய குறுகிய பாதைகளில் சிறுவர்களே ஊர்ந்து சென்று தோண்டியிருக்க முடியும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பேரன் குனிந்து பார்த்து, தோளைத் துளையருகே வைத்து அளந்து, "தாத்தா, நான் இதற்குள் போகலாம் போலிருக்கிறதே!" என்றான்.

எனக்கு மூச்சு முட்டியது. எட்டு வயது. இருட்டு. கையில் ஓர் எலும்புத் துண்டு. என் தந்தைக்கு அப்போது பதினொன்று. மூவாயிரத்து எண்ணூறு ஆண்டுகளில் மாறியது என்ன? சுவரைத் தடவினேன். கையில் வெண்பொடி ஒட்டியது. அந்த இருட்டில் யாரும் காணாதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மகள் கண்டுவிட்டாள் என்பதைப் பிறகே அறிந்தேன்.

வெளியே வந்ததும் ஒளி கண்ணைக் கூசச் செய்தது. அங்கிருந்து உச்சிக்கு அடுத்த டிராம். உச்சிப் புல்வெளியில் எத்தனை குடும்பங்கள்! பட்டம் விடும் சிறுவர்கள், சக்கர நாற்காலியில் பாட்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பேத்தி, நாயோடு நடக்கும் முதியவர். தலைக்குமேல் கேபிள் கார்கள். 1969-ஆம் ஆண்டு தொடங்கியவை. கீழே குன்றின் இடையைச் சுற்றிக் கடலோரமாகச் செல்லும் சாலை 1878-இல் அமைந்தது. அச்சாலைக்கு மேலும் கீழுமுள்ள செங்குத்துப் பாறைகளில் வடம் கட்டி ஏறும் இளைஞரைப் பார்த்தோம். 1980-களில் பிரிட்டனின் மிகக் கடினமான பாறையேற்றங்கள் சில இங்கேதான் நிகழ்ந்தனவாம். கடற்பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் அவற்றின் பாறைகளில் எவரும் ஏறலாகாது என்று விதி இருக்கிறது. ஏறுவோர் அதை மதிக்கிறார்கள்.

இந்தக் கொண்டாட்டமெல்லாம் எப்போது வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை அது சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் வாழ்ந்த ஏழைச் சிற்றூர். 1848-க்குப் பிறகு, நிலவுடைமையாளரான மாஸ்டின் குடும்பத்தார் அடிவாரத்துச் சதுப்பு நிலத்தில் திட்டமிட்டு ஒரு கடற்கரை நகரை எழுப்பினர். இரயில் வந்தது. தொழில் நகரங்களின் மக்கள் விடுமுறைக்கு வரத் தொடங்கினர். கல் வெட்டியெடுத்த ஒரு பள்ளத்தையே பூந்தோட்டமாக்கினார்கள். ஆக, அக்குன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உழைப்பின் இடமாயிருந்தது. ஓய்வின் இடமாகி நூற்றெழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

அந்த ஓய்விடத்தைக் காப்பதிலும் அவர்கள் காட்டும் அக்கறை வியப்புக்குரியது. குன்றின் உச்சிப் பண்ணை 2015-இல் விலைக்கு வந்தபோது, நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனம் பத்து இலட்சம் பவுன் கொடுத்து வாங்கிற்று. அதைக் குடியானவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு பவுன் வாடகைக்கு விட்டது. காரணம், அங்கே ஆடுகள் முறையாக மேய்ந்தால்தான் அரிய செடிகள் பிழைக்கும். புல் ஓங்கிவிட்டால் சிறு பூண்டுகள் மடியும். கண்டபடி மேய்ந்தாலும் மடியும். அக்குன்றில் தவிர உலகில் வேறெங்கும் தானாய் வளராத ஒரு குறுஞ்செடி உண்டு. ஒரு காலத்தில் ஆறே ஆறு செடிகள்தாம் எஞ்சியிருந்தன. கன்று வளர்த்து நட்டுக் காத்து வருகிறார்கள்.

"அதோ, நம் ஊர்க்காரர்கள்!" என்று மகள் சிரித்துக்கொண்டே சுட்டிக்காட்டினாள். வளைந்த நெடுங்கொம்புகளும் நீண்ட வெண்மயிருமாய் ஆட்டுமந்தை ஒன்று பாறை விளிம்பில் நின்றது. காஷ்மீர் ஆடுகள்! விக்டோரியா அரசியாரின் வின்ட்சர் மந்தையிலிருந்து மாஸ்டின் குடும்பத்தார்க்கு வந்தவற்றின் வழித்தோன்றல்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கால் தெருக்கள் வெறிச்சோடியபோது, இவை குன்றை விட்டிறங்கி வீட்டுத் தோட்டங்களை மேய்ந்த படம் உலகெங்கும் செய்தித்தாள்களில் வந்ததே, வாசகர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும்.

குன்றின் வட சரிவில் தூய டட்னோவின் சிற்றாலயம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் அத்துறவி அங்கே தங்கி நற்செய்தி அறிவித்தார் என்பது மரபு. ஊரின் பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது. இன்றைய கட்டடத்தின் பழஞ்சுவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆங்கிலிக்கன் சபையினர் கோடைக்கால ஞாயிறுகளில் ஆலயத்துக்கு வெளியே, வானத்தின் கீழ் வழிபாடு நடத்துகிறார்கள். சுற்றிலும் கல்லறைகள், அப்பால் கடல். பேரனும் அவன் தந்தையும் ஆடு பார்க்கப் போய்விட, நாங்கள் மூவரும் சுற்றுச்சுவரோரம் அமர்ந்தோம்.

மகள்தான் முதலில் பேசினாள். "அப்பா, அன்று நீங்கள் கோபித்துக்கொண்டீர்களே, அந்த வாரம் மட்டும் என் வார்டில் எத்தனை பேருக்குக் கண்மூடிவிட்டேன், தெரியுமா? அவர்களுடைய பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. நான்தான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தால் குழந்தையைத் தொடப் பயம். வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், நாளைக்கு ஒரு முறை வெளியே நடக்கலாம் என்று அரசு அனுமதித்திருந்தது. வீட்டு வாசலிலேயே மேட்டுப் பாதை. ஏறிவந்து காற்றில் நின்று அழுவேன். அழுதுவிட்டுப் போனால்தான் மறுநாள் வார்டுக்குள் நுழையக் கால் வரும். உங்களிடம் அதைச் சொல்லத்தான் அன்று பேசினேன்."

கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளாக நான் ஊர்சுற்றல் என்று எண்ணியிருந்தது எது என்று அப்போதுதான் விளங்கிற்று. "தப்பு என்னுடையதுதான், அம்மா. நான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன். அதற்கு மேல் பேச எனக்கு இயலவில்லை. மகள் என் தோளில் தலை சாய்த்தாள். சிறுமியாயிருந்தபோது சாய்த்தது, அதற்குப் பின் அன்றுதான்.

என் துணைவியார் மெல்லச் சொன்னார்: "மாமா உயிரோடிருந்து இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கல்லை உடைத்தவர்தானே முதலில் விளையாடக் கல் கொண்டுவந்து கொடுத்தார்."

எத்துணை உண்மை! அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அப்பாவின் உழைப்பை மதிப்பதென்றால் ஓய்வை வெறுப்பது என்று நான் எண்ணியிருந்தேன். அவரோ அப்படி எண்ணியவரல்லர். நாள் முழுதும் கல்லுடைத்த மனிதர், அதனூடே ஓர் அழகைக் கண்டு, அதை உடைக்காமல் மடியில் பொதிந்து, மகன் விளையாடட்டும் என்று வீடுவரை கொண்டுவந்தார். அவர் கொடுத்த பாடத்தில் பாதியைத்தான் நான் படித்திருந்தேன்.

இறங்கும்போது டிராமில் ஏறாமல் நடந்தே வந்தோம். என் துணைவியார் மட்டும் மாப்பிள்ளையோடு வண்டியில் வந்தார். பாறை வெடிப்புகளின் உள்ளே, காற்றுக்கு ஒதுங்கி, பசும் பெரணிகள் முளைத்திருந்தன. பேரன் குனிந்து குனிந்து கல்லுக்குள் சிப்பிகளைத் தேடினான். ஒன்றைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டினான். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவர வேண்டும், எடுக்கலாகாது என்று அவனே எனக்கு எடுத்துரைத்தான். நானும் அவனோடு தேடினேன். வீடு சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. எந்தப் புத்தகமும் அன்று நாங்கள் படிக்கவில்லை.

ஊர் திரும்பி இப்போது நாளாகிவிட்டது. நம் குடும்பங்களிலும் தொலைவிலிருந்து பேசும் பிள்ளைகள் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் சிறுவர் உண்டு. நாள் முழுதும் நோயாளியோடோ இயந்திரத்தோடோ நின்றுவிட்டு வரும் பெரியவரும் உண்டு. அவர்கள் சற்று வெளியே போய் வருகிறேன் என்று சொல்லும்போது, எதற்கு என்று அதட்டுமுன் ஒரு கணம் பொறுத்தால், அவர்கள் சொல்ல வந்தது நம் காதில் விழும். அந்தப் பொறுமை என்னிடம் இல்லாமற் போனதால் மூன்று ஆண்டுகளை இழந்தேன்.

இப்போது ஞாயிறு மாலைகளில் மகள் அழைக்கும்போது, நலம் கேட்குமுன்பே நான் கேட்பது ஒன்றுதான்: "இன்று மலைக்குப் போனாயா, அம்மா?"